‘பொட்’ எண்டா சட்டியா, பானையா, கிடாரமா? சமையலறைச் சாமான் பட்டியலுக்குத் தமிழ்ப் பெயர் வேணும்

வாவியோரம் (கேள்வி)

மட்டக்களப்பு வாவிக்கு மேற்க, படுவான்கரைப் பக்கம் ஒரு கிராமத்துப் பொதுமண்டபத்தோட சமையலறை ஒண்டு கட்டுறாங்க. கலியாணம், செத்தவீட்டு முப்பத்தோராம் நாள், கோயில் அன்னதானம், வெள்ளம் வந்தா இடம்பெயர்ந்து வாற சனத்துக்குச் சமையல் எல்லாம் அங்கதான். காசு தாற நிறுவனம் சாமான் பட்டியலை ஆங்கிலத்தில அனுப்பியிருக்கு. அதைத் தமிழாக்கி மட்டக்களப்பு, கல்முனைக் கடைகளுக்கு விலைக்கோரலா அனுப்பவேணும். பிறகு அதே பட்டியல் களஞ்சியச் சுவரில ஒட்டுப்படும். சமைக்க வாற பெண்கள் அதைப் பார்த்துத்தான் எடுப்பாங்க, திருப்பி வைப்பாங்க.

ஆங்கிலப் பட்டியல் இதுதான்: குக்கிங் பொட் 20 லீற்றர் 4, ஸ்டொக் பொட் 50 லீற்றர் 2, சோஸ்பான் 3 லீற்றர் 4, ஃப்ரையிங் பான் 2, கிளே பொட் 10, கெட்டில் 2, ஜக் 6, பௌல் 60, பேசின் 4, பக்கெட் 6, வோட்டர் கொன்டெய்னர் 20 லீற்றர் 6, ஸ்டோரேஜ் ஜார் 12.

முதல் வரைவில எல்லாத்தையும் பாத்திரம் எண்டு போட்டிருக்காங்க. சமையல் பாத்திரம், பெரிய பாத்திரம், சிறிய பாத்திரம், மண் பாத்திரம், தண்ணீர்ப் பாத்திரம். வாசிச்சா ஒண்டும் விளங்கயில்லை. அகராதியில ‘பொட்’டுக்குப் பானை, சட்டி, குடம், கலயம், தொட்டி எண்டு வரிசையாக் கிடக்கு. எதை எங்க போடுறது? வேலை முடிஞ்சதும் ஆங்கிலத்தில அறிக்கையும் எழுதவேணும், அதில எல்லாத்தையும் ‘வெசல்ஸ்’ எண்டு போட்டாச் சரிவருமா?

களஞ்சியம் (பதில்)

பாத்திரம் எண்ட சொல்லில பிழையில்லை, ஆனா களஞ்சியத்துக்கு உதவாது. கடைக்காரன் உங்களிட்டத் திருப்பிக் கேக்கிறது மூண்டே கேள்வி: வாய் அகலமா ஒடுக்கமா, அடுப்பில ஏறுமா ஏறாதா, என்ன உலோகம். ஆங்கிலத்தில ‘பொட்’ எண்டா இந்த மூண்டும் தெரியாமலே போயிரும். எங்கட சொல்லில முதல் ரெண்டும் சொல்லுக்குள்ளேயே இருக்கு.

வாய் அகலம், கழுத்தில்லை, அடுப்பில ஏறும்: சட்டி. கறி, சொதி, சுண்டல் எல்லாம் இதில. அகப்பையை விட்டுக் கிண்டலாம், தண்ணி கெதியா வத்தும்.

வாய் ஒடுக்கம், கழுத்து உண்டு, வயிறு பெருத்தது, அடுப்பில ஏறும்: பானை. சோறு, பொங்கல், புட்டுக்கு ஆவி எடுக்கிறது. ஆவி கெதியாப் போகாது, நுரை பொங்கினாலும் கழுத்தில தங்கும், கஞ்சி வடிக்கேக்க மூடியும் துணியும் நிக்க விளிம்பு இருக்கும்.

வாய் ஒடுக்கம், அடுப்பில ஏறாது: குடம். தண்ணி அள்ள, சுமக்க, வைக்க.

வாய் அகலம், உலோகம், பெரிசு, ரெண்டு பக்கமும் காது: சருவம், சருவச்சட்டி. அதைவிடப் பெருத்து, ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கிறது கிடாரம்.

குழிஞ்ச அடி, பொரிக்க, தாளிக்க: தாச்சி.

இப்ப உங்கட பட்டியலைப் பாருங்க. ‘குக்கிங் பொட் 20 லீற்றர்’ சருவச்சட்டி. ‘ஸ்டொக் பொட் 50 லீற்றர்’ கிடாரம். ‘ஃப்ரையிங் பான்’ எண்டா அங்க தட்டையான அடி, ஒற்றைக் கைபிடி. நூறு பேருக்குச் சமைக்கிற இடத்தில அது முட்டை பொரிக்கத்தான் உதவும். அந்த வரியை அப்பிடியே மொழிபெயர்க்காமத் தாச்சி எண்டு மாத்த அனுமதி கேளுங்க. 45 சென்ரிமீற்றர் வாயுள்ள இரும்புத்தாச்சி ரெண்டு இருந்தா வடை, அப்பளம், மீன்பொரியல் எல்லாம் நடக்கும்.

லீற்றர்க் கணக்கைக் கடையில நம்பவேணாம். கடையில நம்பர், கிலோ எண்டுதான் சொல்லுவாங்க. அளவுநாடா கொண்டு போங்க. நேர்ச்சுவர் உள்ள ஏனமெண்டா உள்விட்டத்தை உள்விட்டத்தாலேயே பெருக்கி, அதை உயரத்தால பெருக்கி, 0.785ஆல் பெருக்குங்க. எல்லாம் சென்ரிமீற்றரில. வாறதை 1000ஆல பிரிச்சா லீற்றர். 40 விட்டம் 40 உயரமெண்டா 50 லீற்றர். 30 விட்டம் 28 உயரமெண்டா 20 லீற்றருக்குச் சொட்டுக் குறைவு. அடி உருண்ட ஏனத்துக்கு இந்தக் கணக்குச் சரிவராது, 5 லீற்றர்க் கலனால தண்ணி ஊத்திப் பாக்கிறதுதான் ஒரே வழி.

மண்சட்டி (பதில்)

‘கிளே பொட் 10’ எண்டதை மண் பாத்திரம் எண்டு போட்டா கடையில பத்துத் தயிர்ச் சட்டியைக் கட்டித் தந்தாலும் ஒண்டும் கேக்க ஏலாது. மண்ணில மட்டும் எங்கட பக்கம் இவ்வளவு இருக்கு:

கறிச்சட்டி. அடி தட்டையா உருண்டு, வாய் அகலம். மீன் கறி, புளிக்கறிக்கு இதுதான். பழப்புளி, தேசிக்காய், தக்காளி எல்லாம் அலுமினியத்தில கிடந்தா உலோகம் கரைஞ்சு கறி கறுக்கும், வாயில தகரச் சுவை வரும். மண்ணுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

சோத்துப்பானை. கழுத்துள்ளது. பொங்கலுக்கு வாங்கிற பானையும் இந்த வடிவம்தான். ஆனா நிறம் பூசின பானை விக்கிறாங்கள், அது வெறும் வர்ணம். உள்ளுக்கும் விளிம்பிலயும் வர்ணம் இருந்தா அடுப்பில வைக்கவேணாம்.

முட்டி. சின்ன உருண்டை, வாய் ஒடுக்கம். கள்ளுமுட்டி தெரியும்தானே. சித்திரைப் புதுவருஷ விளையாட்டில முட்டி உடைத்தல் எண்டுதான் சொல்லுவம், சட்டி உடைத்தல் எண்டு ஆரும் சொல்றதில்லை. ‘ஸ்மோல் கிளே பொட்’ எண்டு எங்கேயாவது வந்து, வாய் ஒடுக்கமெண்டா முட்டி எண்டு போடலாம்.

அரிக்கன் சட்டி. உள்பக்கம் முழுக்க வரிவரியா இருக்கும். அரிசியைத் தண்ணியோட சுழட்டிச் சுழட்டி மத்த ஏனத்துக்கு ஊத்த, கல்லும் மண்ணும் வரிக்குள்ள தங்கிரும். இதுக்கு ஆங்கிலத்தில தனிச்சொல் தேடி மெனக்கெடாதீங்க, அறிக்கையில ‘ரைஸ் வொஷிங் பௌல்’ எண்டு விளக்கமா எழுதினாப் போதும்.

தயிர்ச் சட்டி. வாய் அகலம், தடிப்புக் குறைவு, அடுப்புக்கு இல்லை. இதை வேற வரியாப் போடவேணும், இல்லாட்டிக் கறிச்சட்டியோட கலந்துரும். சமைக்கப் போனா முதல் நாளே வெடிக்கும்.

பத்தில ஆறு கறிச்சட்டி, ரெண்டு சோத்துப்பானை, ரெண்டு அரிக்கன் சட்டி எண்டு பிரிச்சு எழுதச் சொல்லுவன். பொதுச் சமையலறையில மண்குடம் தப்பாது, அதை விடுங்க.

வாங்கேக்க பாக்கிறது: கையில தூக்கிப் பிடிச்சு விரல் மொளியால தட்டுங்க. கணீரெண்டா நல்லாச் சுட்டது. மந்தமாக் கேட்டா வேகாத மண் இல்லாட்டி மயிர்க்கீறல். தண்ணி நிரப்பி ஒரு மணித்தியாலம் விடுங்க. வெளிச்சுவர் ஈரமா வியர்த்தாப் பரவாயில்லை, துளியா விழுந்தா எடுக்கவேணாம். அடியை ஒரு பலகையில வைச்சுப் பாருங்க, ஆடினா அடுப்பிலயும் ஆடும்.

பழக்கிறது: முழுசாத் தண்ணியில ஒரு நாள் ஊறவிட்டு, நிழலில காயவையுங்க. உள்ளுக்குத் தேங்காயெண்ணெய் பூசி, அரிசி கழுவின தண்ணியோ வடிச்ச கஞ்சியோ முக்கால்வாசி ஊத்தி, சிறு நெருப்பில மெல்லக் கொதிக்க வையுங்க. கொதி வந்த பிறகு அரை மணித்தியாலம். அடுப்பை அணைச்சு, அடுப்பிலேயே ஆறவிடவேணும். இதை ரெண்டு மூண்டு தரம் செய்தா மாச்சத்து மண்ணின்ர நுண்துளைக்குள்ள போய் அடைக்கும், கசிவு நிக்கும். முதல் சமையல் புளிக்கறி வேணாம், ஒரு தேங்காய்ப்பால் சொதியோ கீரையோ வையுங்க.

வெடிக்கிறதுக்குக் காரணம் அனேகமா மூண்டு. சூடான சட்டியில பச்சைத்தண்ணி ஊத்துறது. சூட்டோட இறக்கி ஈரச் சீமெந்தில வைக்கிறது, இதுக்கு வைக்கோல் வளையம் ஒண்டு போதும். மூண்டாவது காஸ் அடுப்பு. நெருப்பு நடுவில ஒரு வட்டமா மட்டும் படும், சட்டியின் ஓரம் குளிர்ந்திருக்கும், அந்த வட்டத்தைச் சுத்தியே கீறல் விழும். பழைய தோசைக்கல்லைக் கீழ வைச்சா நெருப்புப் பரவும். விறகடுப்பில இந்தப் பிரச்சினை குறைவு.

சவர்க்காரம் போட்டுக் கழுவினா மண் அதைக் குடிச்சு அடுத்த கறியில கக்கும். சாம்பல், தும்பு, சுடுதண்ணி. கழுவின கையோட கவிழ்த்து மூடி வைக்காம வெயிலில காயவிடுங்க, ஈரத்தோட அடுக்கினாப் பூஞ்சணம் பிடிக்கும்.

அக்கரைப்பற்றான்

தங்கச்சி, களஞ்சியம் சொன்னதில கிடாரம் சரி. ஆனா 50 லீற்றர்க் கிடாரம் ரெண்டு எத்தினை பேருக்கு எண்டு கணக்குப் பாத்தீங்களா? பட்டியல் எழுதினவங்க ‘ஸ்டொக் பொட்’ எண்டு சூப்பு வைக்கிற ஏனத்தை நினைச்சிரிக்கலாம். எங்கட பக்கம் அதில சோறுதான் ஆக்குவாங்க.

ஆளுக்கு 125 கிராம் அரிசிக் கணக்கில 150 பேருக்கு ஏறக்குறைய 19 கிலோ அரிசி. கஞ்சி வடிக்கிற சோறெண்டாக் கிலோவுக்குக் குறைஞ்சது 4 லீற்றர் தண்ணி. ஏனத்தை முக்கால்வாசிக்கு மேல நிரப்பினாப் பொங்கி நெருப்பை அணைக்கும். அப்ப 50 லீற்றர்க் கிடாரத்தில வடிசோறு 8 கிலோதான் ஆக்கலாம். நெய்ச்சோறு, புரியாணி, புக்கை மாதிரித் தண்ணி வத்திற சோறெண்டா 10 கிலோ மட்டும் போகலாம். 150 பேர் வடிசோத்துக்கு ரெண்டு கிடாரமும் காணாது, மூண்டு வேணும், இல்லாட்டி ரெண்டு தரம் ஆக்கோணும். 20 லீற்றர்ச் சருவச்சட்டியில 3 கிலோ.

பெரிய கிடாரத்தைச் சரிச்சுக் கஞ்சி வடிக்கப் போகாதீங்க, கால் வெந்து போகும். நீட்டுக் கைபிடித் துளைக் கரண்டியால கோரிக் கடகத்திலயோ துளைத்தட்டிலயோ போடோணும். பட்டியலில அந்தக் கரண்டியே இல்லை.

அலுமினியக் கிடாரம் எடுத்தா அடித்தடிப்புப் பாருங்க. 3 மில்லிமீற்றருக்குக் குறைஞ்சா விறகு நெருப்பில அடி நெளியும், நெளிஞ்ச இடத்தில சோறு அடிப்பிடிக்கும். ‘சில்வர்’ எண்டு நாங்க செல்ற துருப்பிடிக்காத உருக்கு பாக்கப் பளபளப்பு, ஆனா அலுமினியம் மாதிரிச் சூட்டைப் பரப்பாது. மெல்லிய சில்வரில நெய்ச்சோறு ஆக்கினா நடுவில கருகும், ஓரத்தில வேகாது. காது ரிவெட் அடிச்சதா இரிக்கோணும், ஒட்டுப்போட்ட காது பாரம் தாங்காது. முக்கால் நிரம்பின 50 லீற்றர்க் கிடாரம் 40 கிலோவுக்கு மேல.

அடுத்தது ‘பௌல் 60’. இதைக் கோப்பை எண்டு எழுதினீங்களெண்டாச் சண்டைதான். சில ஊரில கோப்பையெண்டாச் சோறு திங்கிறது, சில ஊரில தேத்தண்ணி குடிக்கிறது. எங்கட ஆக்கள் சோறு திங்கிறதைப் பீங்கான் எண்டும் செல்லுவாங்க, அது பிளாஸ்டிக்கா இரிந்தாலும் பீங்கான்தான். கறி வைக்கிறதுக்கெண்டாக் கிண்ணம் எண்டு போடுங்க. உலகக் கிண்ணம் எண்டு பேப்பரிலயே வருது, அதில ஆருக்கும் மயக்கமில்லை. விசேஷத்துக்கு எங்கட பக்கத்து ஆக்களும் மண்டபத்தை எடுப்பாங்களெண்டா சஹன் எண்ட பெரிய தட்டும் கொஞ்சம் சேர்த்துக்கோங்க. ஒரு சஹனைச் சுத்தி ஐஞ்சாறு பேர் இரிந்து திம்பாங்க. ஆங்கிலத்தில ‘லார்ஜ் ஷெயாரிங் பிளேட்’ எண்டா விளங்கும்.

வாவியோரம்

அக்கரைப்பற்றான் காக்கா, கணக்குக்கு நன்றி. 50 லீற்றர் மூண்டாக்கச் சொல்லிக் கேக்கிறன், துளைக் கரண்டியும் சேர்க்கிறன். மண்சட்டி அக்கா, தயிர்ச் சட்டியையும் வேற வரியாப் போட்டால் என்ன எண்டு இப்ப யோசிக்கிறாங்க. விசேஷத்துக்கு அங்கேயே தயிர் போடலாமாம். எத்தனை லீற்றர்ச் சட்டி நல்லது? திருப்பிப் பாவிக்கலாமா? ஆங்கில அறிக்கைக்கும் ஆராவது சொல்லுங்களன்.

மண்சட்டி

ஒரு லீற்றர்ச் சட்டி. பெரிய சட்டியில நடு ஆற நேரமெடுக்கும், புளிப்பு ஏறும்.

எருமைப்பாலை 85 பாகை செல்சியசுக்கு மேல சூடாக்கி ஐஞ்சு பத்து நிமிஷம் வைச்சு, கை பொறுக்கிற இளஞ்சூட்டுக்கு, அதாவது 43 பாகையளவுக்கு ஆறவிடுங்க. லீற்றருக்கு ஒண்டரை மேசைக்கரண்டி உறை. கட்டியில்லாமக் கரைச்சு, ஒரே பக்கமாக் கலக்கி, சட்டியில ஊத்தி, அசைக்காம வைக்கவேணும். சட்டியை முதலிலேயே வெயிலில வைச்சுச் சூடாக்குங்க. குளிர்ந்த சட்டியில ஊத்தினாப் பாலின் சூடு இறங்கிரும், உறையாமத் தண்ணியா நிக்கும். உறைஞ்ச பிறகு மண் தண்ணியை இழுத்து வெளிச்சுவரால ஆவியாக்கும். அதாலதான் தயிர் இறுகுது, குளிர்ச்சியாவும் இருக்கு. பிளாஸ்டிக்கில அதே பால் அதே உறை போட்டாலும் மேல தண்ணி நிக்கும்.

திருப்பித் தயிருக்குப் பாவிக்காதீங்க. பால்கொழுப்பு மண்ணுக்குள்ள போய்ச் சிக்குநாத்தம் பிடிக்கும், எருமைப்பாலில கொழுப்பு 7 வீதமளவில இருக்கிறதால இன்னும் மோசம். கழுவிக் காயவைச்சுக் கத்தரி, மிளகாய் நாத்து மேடைக்கு எடுக்கலாம். அடியில துளை போடேக்க ஆணியைச் சுத்தியலால அடிக்காம, ஈரத்தில ஊறவிட்டு மெல்லத் திருகுங்க. அப்ப அது பூச்சாடி. ஆங்கிலத்தில அதுவும் ‘பொட்’தான்.

கல்முனை வாத்தி

அறிக்கைக்கு ‘வெசல்ஸ்’ வேணாம். இந்தியாவில ஆங்கிலம் பேசுறவங்க சட்டிபானையை ‘வெசல்ஸ்’ எண்டு சர்வசாதாரணமாச் சொல்லுவாங்க. பிரித்தானியாவிலயோ அமெரிக்காவிலயோ வீட்டுப் பேச்சில அந்தச் சொல் வராது. அங்க அது அலுவலகச் சொல். கப்பல், படகு. இரத்தக்குழாய். தொழிற்சாலையில அழுத்தத் தாங்கி. தொல்பொருள் ஆக்கள் தோண்டியெடுத்த மண்கலம். கரையோர மாவட்டத்திலயிருந்து ‘40 வெசல்ஸ் வழங்கப்பட்டன’ எண்டு அறிக்கை போனா வாசிக்கிறவர் படகு எண்டுதான் எடுப்பார்.

தலைப்புகளை இப்பிடிப் பிரியுங்க. அடுப்பில ஏறுற எல்லாம் ‘குக்வெயார்’. தட்டு, கிண்ணம், கோப்பை ‘குரொக்கரி’. கரண்டி, முள்ளு, கத்தி ‘கட்லரி’. ‘யூட்டென்சில்ஸ்’ எண்டா எங்கட நாட்டில சட்டிபானையும் அடங்கும், வெளியில அகப்பை, துளைக் கரண்டி, துருவலை மாதிரிக் கையால பிடிச்சு வேலை செய்றதுதான் நினைவுக்கு வரும். உள்ளுக்குப் போட்டு வைக்கிற, கொண்டு போற எல்லாம் ‘கொன்டெய்னர்’. அதில சமைக்கிறதில்லை.

‘பொட்’டும் ‘பான்’னும்: ஆழம் கூட, ரெண்டு சின்னக் காது, மூடி உண்டு எண்டா ‘பொட்’. ஆழம் குறைவு, ஒற்றை நீட்டுக் கைபிடி எண்டா ‘பான்’. இடையில ‘சோஸ்பான்’ நிக்குது. ஆழமும் உண்டு, நீட்டுக் கைபிடியும் உண்டு, மூடியும் உண்டு. பிரித்தானியர் ‘சோஸ்பான்’, சுருக்கமாப் ‘பான்’ எண்டுவினம். அமெரிக்கர் அதையே அனேகமாப் ‘பொட்’ எண்டுருவினம். அதால உங்கட பட்டியலில ‘சோஸ்பான் 3 லீற்றர்’ எண்டிருந்தா ‘கைபிடிச் சட்டி, மூடியுடன், 3 லீற்றர்’ எண்டு எழுதுங்க. பால் காய்ச்ச, சொதி சூடாக்க அது.

எங்கட அப்பச் சட்டி பேரில சட்டி, ஆங்கிலத்தில ‘ஹொப்பர் பான்’. வடிவத்தைப் பார்த்து மாத்தவேணும், பேரைப் பார்த்து மாத்தக்கூடாது.

சமையலுக்கு வெளியிலயும் ‘பொட்’ ஓடித்திரியும். தேத்தண்ணி ஊத்துற மூக்குள்ள ஏனம் ‘டீபொட்’. தண்ணி கொதிக்கிறது ‘கெட்டில்’, எங்கட கேத்தில். ரெண்டையும் மாத்தக்கூடாது, பீங்கானால செய்த டீபொட்டை அடுப்பில வைச்சா வெடிக்கும். பிரித்தானியாவில தயிர் விக்கிற சின்னப் பிளாஸ்டிக் கிண்ணமும் ‘யோகட் பொட்’. பிள்ளைகள் மலங்கழிக்கிறது ‘பொட்டி’. தனியப் ‘பொட்’ எண்டாத் தெருப்பேச்சில கஞ்சாவும் ஆகும், அதால வகுப்பில வசனத்துக்கு உதாரணம் எடுக்கேக்க ‘குக்கிங் பொட்’ எண்டு முழுசாச் சொல்றது நல்லது.

விலைக்கோரலில இன்னொண்டையும் கவனிக்கவேணும். ‘எ ரைஸ் பொட்’ எண்டாச் சோத்துப்பானை, வெறுமையா இருக்கலாம். ‘எ பொட் ஒஃப் ரைஸ்’ எண்டா ஒரு பானை சோறு. ‘வோட்டர் பொட்டில் 20’ எண்டு கேட்டாப் போத்தல் வரும், ‘பொட்டில் ஒஃப் வோட்டர் 20’ எண்டாத் தண்ணி வரும். பேச்சில போத்தல் எண்டது அளவும்தான், பாலுக்கும் தேனுக்கும் 750 மில்லிலீற்றர். அதால ஆங்கிலத்தில மில்லிலீற்றரில எழுதுங்க, ‘பொட்டில்’ எண்டு விடாதீங்க.

கரைவலை

படகுச் சாமான் பட்டியலும் இதே கையால போகுமெண்டா: கடற்றொழில் ஆவணத்தில வாற ‘வெசல்’ மீன்பிடிக் கலம். ‘மல்டிடே வெசல்’ பலநாள் படகு. வாவியில ஓடுற தோணி, வள்ளத்துக்கு ‘வெசல்’ பெரிய சொல், ‘கனூ’, ‘போட்’ போதும். பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில கலம் எண்டா உயிரணு, அந்தப் பக்கம் போகாதீங்க.

வாவியோரம்

திருத்தின பட்டியல். பாருங்க.

சருவச்சட்டி, அலுமினியம், 20 லீற்றர் 4. கிடாரம், அலுமினியம், 50 லீற்றர் 3. கைபிடிச் சட்டி 3 லீற்றர் 4. இரும்புத்தாச்சி 45 சென்ரிமீற்றர் 2. மண் கறிச்சட்டி 6, மண் சோத்துப்பானை 2, அரிக்கன் சட்டி 2. தயிர்ச் சட்டி 1 லீற்றர், விசேஷத்துக்கு விசேஷம் வாங்கிறது. கேத்தில் 2. ஜக் 6. கிண்ணம் 60. பேசன் 4. பக்கெட் 6. தண்ணீர்க் கலன் 20 லீற்றர் 6. சாடி, மூடியுடன் 12. துளைக் கரண்டி 3.

களஞ்சியம்

பக்கெட்டை வெட்டுங்க. இங்க பக்கெட் எண்டாப் பால்மா பக்கெட், பிஸ்கட் பக்கெட். ஆறு பக்கெட் எண்டு போட்டா என்ன பக்கெட் எண்டு கேப்பாங்க. வாளி எண்டு எழுதுங்க, மூடியுள்ளதா இல்லாததா எண்டும்.

சாடி எண்டு மட்டும் போட்டாப் பூச்சாடியும் வரும், ஊறுகாய்ச் சாடியும் வரும். அரிசி, பருப்பு, சீனி போடத்தானே? அப்ப ‘உலர்பொருள் கலன், வாயகன்ற பிளாஸ்டிக், திருகுமூடி, 10 லீற்றர்’. கை உள்ள போற வாய் இல்லாட்டிக் கழுவ ஏலாது, மூலையில வண்டு தங்கும். தூள், உப்புக்குச் சின்னப் பேணி ஆறு சேருங்க.

தண்ணீர்க் கலன் 20 லீற்றர் நிரம்பினா 20 கிலோ, பிடி உள்ளதா எடுங்க. அதில பாதியைக் குழாய் வைச்சதா எடுத்தாக் குடிக்கிற தண்ணிக்கு ஆரும் கோப்பையை உள்ள விட்டு அள்ள மாட்டாங்க. நிரந்தரமாக் கட்டி வைக்கிறதெண்டா அது கலன் இல்லை, தாங்கி. ‘டாங்க்’ எண்டு ஆங்கிலத்தில தனி வரி.

சருவச்சட்டிக்கும் கிடாரத்துக்கும் மூடியை வேற வரியாப் போடுங்க. ‘மூடியுடன்’ எண்டு அதே வரியில எழுதினாச் சில கடையில ஏனத்துக்கு மட்டும் விலை போட்டு அனுப்புவாங்க, சாமான் வந்த பிறகுதான் மூடியில்லை எண்டு தெரியும். மூடி வெளிவிளிம்பைப் பிடிக்கிறதா, உள்ளுக்கு இறங்கிறதா எண்டும் சொல்லவேணும். நெய்ச்சோத்துக்குத் தணல் மேல போடுற வழக்கம் இருந்தா மூடி தட்டையா, விளிம்பு மேல நிமிர்ந்ததா இருக்கவேணும்.

எல்லாம் வந்த அண்டைக்கே அடியில இலக்கம் கொத்துங்க. வர்ணத்தால எழுதினா ரெண்டு விறகடுப்போட போயிரும். கி1, கி2, கி3 எண்டு கிடாரத்துக்கு, ச1 தொடக்கம் ச4 சருவச்சட்டிக்கு. மூடிக்கும் அதே இலக்கம். மண் சாமானுக்கு இலக்கம் வேணாம், உடையிற கணக்குக்கு ஒரு கொப்பி போதும்.

அக்கரைப்பற்றான்

கேத்தில் ரெண்டும் எத்தினை லீற்றர்? போடயில்லையே. 150 பேருக்குத் தேத்தண்ணியெண்டா ஆளுக்கு 150 மில்லிலீற்றர் கணக்கில 22 லீற்றருக்கு மேல வரும். வீட்டுக் கேத்தில் ரெண்டால ஏலாது. 20 லீற்றர்ச் சருவச்சட்டி ஒண்டைத் தேத்தண்ணிக்கு மட்டும் ஒதுக்கி ‘தே’ எண்டு கொத்துங்க, அதில ரெண்டு தரம் கொதிக்க வைக்கோணும். கறி ஆக்கின சட்டியில தேத்தண்ணி வைச்சா எவ்வளவு கழுவினாலும் சரக்குத்தூள் மணம் போகாது.